ஸ்பீக்கர்ல போடு

முருகையா வீட்டுக்குப் போன் வருவதும் போர்ட் பிளேர் ஹேடோ ஜெட்டிக்குக் கப்பல் வருவதும் ஒன்றுதான். சத்தம் கேட்டதும் எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து சுற்றி நிற்பார்கள். யாருக்கு வந்தது, எதற்கு வந்தது என்பதெல்லாம் பிறகு. "ஸ்பீக்கர்ல போடு" என்பார் முருகையா. போட்டாக வேண்டும்.

போன புதன்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. பெரார்கஞ்சிலிருந்து மாப்பிள்ளை பாலகுமாரின் அம்மா அன்னம்மாள் பேசினார். "பொண்ணுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு பாத்தேன்" என்றார். போன் முருகையாவின் மகள் ஜெயராணியின் கையில் இருந்தது. போனைச் சுற்றி அப்பா, அம்மா தங்கம்மா, அண்ணன் யோகராஜ், போதாததற்குப் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாளும் அவர் இடுப்பில் ஒரு குழந்தையும். அந்தப் பக்கமும் ஒரு கூட்டம் மூச்சு விடுவது கேட்டது. இத்தனை காதுகளுக்கு நடுவில் ஒரு பெண் என்னதான் சொல்வாள்? "சரி" என்றாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாகிவிட்டது. முதலில் கை தட்டியவர் பெங்காலி அம்மாள். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

சிரிக்க வேண்டாம். அந்த ஸ்பீக்கர் சட்டத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. முருகையா நிக்கோபார் பக்கம் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் சுனாமி வந்தது. முகாமில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் ஒரே ஒரு போன். அதைக் காதில் வைத்துப் பேசிவிட்டு வந்த ஒரு நல்ல மனிதர், "உங்க ஆளுங்க எல்லாரும் பத்திரமாம்" என்று சொன்னார். மனசு கேட்காமல் சொன்ன பொய். கடற்கரைப் பக்கம் குடியிருந்த தங்கை சொர்ணம்மா போய்விட்ட சேதி முகாமுக்கெல்லாம் தெரிந்து, கடைசியில்தான் முருகையாவுக்குத் தெரிந்தது. பிறகு போர்ட் பிளேருக்கு வந்து ஷாதிபூரில் குடியேறி, வீட்டுக்கு முதல் செல்போன் வாங்கிய அன்றே அவர் சட்டம் போட்டுவிட்டார். இந்த வீட்டில் எந்தச் சேதியும் ஒரே ஒரு காதுக்கு வரக்கூடாது.

காரணம் நியாயமானது. அதனால்தான் ஜெயராணிக்கு எரிச்சல் இரண்டு மடங்கு. நியாயமில்லாத சட்டம் என்றால் சண்டை போட்டு மீறிவிடலாம். நியாயமான சட்டத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

ஏனென்றால் வியாழக்கிழமை அவளுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருந்தது. பாலகுமாரிடமிருந்து. அவன் கட்சாலில் பவர்ஹவுஸ் வேலையில் இருக்கிறான். அங்கே ஜெட்டியைச் சுற்றித்தான் டவர் கிடைக்கும், நெட் என்ற பேச்சே கிடையாது. "ஞாயிறு நாலு மணிக்கு ஜெட்டியில இருப்பேன். கூப்பிடட்டுமா? நீங்க மட்டும் பேசணும்" என்று எழுதியிருந்தான்.

நீங்க மட்டும். அந்த இரண்டு வார்த்தைக்கு இந்த வீட்டில் இடம் எங்கே இருக்கிறது? ஜெயராணி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஞாயிறு லீவு. வெளியே நிற்கலாம் என்றால் மழை. போனைக் காதில் வைத்தாலே தங்கம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிடுவார்.

ஆனால் ஹெட்போன் மாட்டியிருந்தால்? பாட்டுக் கேட்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். அதுவும் ஒயர் இல்லாதது என்றால் போன் இடுப்பில் இருக்கும், வாய் மட்டும் மெல்ல அசையும், பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. இந்தக் கல்யாணம் உங்களுக்கு வேணுமா, உங்க அம்மாவுக்கு வேணுமா? அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். அவள் சொன்ன "சரி"க்கு அப்புறம்தான் உயிர் வரும்.

"அண்ணே, பாட்டுக் கேக்க ஒயர் இல்லாத ஹெட்போன் ஒண்ணு வாங்கலாமா?" என்று மெல்லப் போட்டு வைத்தாள்.

யோகராஜுக்கு ஒரு தடவை சொன்னால் போதும். ஆன்லைனில் போட்டால் பேட்டரி சாமான் என்று கப்பலில் ஏற்றுவார்கள், அது வந்து சேர்வதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடுவே முடிந்துவிடும். அதனால் மெயின்லேண்டுக்கும் இங்குமாகப் போய்வரும் கான்ட்ராக்டர் சந்திரசேகரைப் பிடித்தான். அவர் சென்னைக் கடையில் சொல்லி மூன்று ஹெட்போன்களை வாங்கி வந்துவிட்டார். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் திங்கட்கிழமை காலை பிளைட்டில் அவரோடு திரும்பிப் போக வேண்டும்.

ஆக, ஞாயிறு ஒரு நாள்தான் சோதனை. அந்த ஞாயிறு இதோ விடிந்துவிட்டது.

*

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கட்டில் மேல் சிவப்பு, கறுப்பு, நீலம் என்று மூன்று ஹெட்போன்கள்.

யோகராஜ் சிவப்பை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். தலை ஆடியது. தோள் ஆடியது. கட்டிலும் ஆடியது.

"ஏக்தம் மஸ்த்" என்றான். "நெஞ்சுக்குள்ள டமடமன்னு அடிக்குது. இதான். முடிஞ்சுது. மத்த ரெண்டையும் பெட்டியில போடு."

"பாட்டு மட்டும் கேட்டா ஆச்சா? போன் பேசிப் பாக்க வேணாமா?" என்றாள் ஜெயராணி.

"போனா? நம்ம வீட்டுல போன் பேச ஹெட்போன் எதுக்கு? ஸ்பீக்கர்தான இருக்கு."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் சிவப்பைப் பிடுங்கித் தன் போனோடு சேர்த்தாள். கூட வேலை செய்யும் மீனாவைக் கூப்பிட்டாள். மீனா ஜங்கிளிகாட் பகுதியில் தன் வீட்டில் இருந்தாள்.

"ஹலோ மீனா, எப்படிக் கேக்குது?"

"கிணத்துக்குள்ள ஏதும் விழுந்துட்டியா?" என்றாள் மீனா.

சிவப்புப் போயிற்று. அடுத்தது கறுப்பு. மாட்டியதுமே காதை நசுக்கியது. பாட்டு சுமார். பாடுகிறவன் குரல் மட்டும் தெளிவாக வந்தது, மேளமெல்லாம் எங்கோ தெருக்கோடியில் வாசித்தார்கள். மறுபடி மீனா.

"குக்கர் சத்தம் கேக்குது. மழை கேக்குது. ஒரு கொழந்தை அழுவுது. உங்கம்மா யாரையோ பூண்டு உரிக்கச் சொல்றாங்க. நீ பேசறது மட்டும் சரியா கேக்கல" என்றாள் மீனா. "ஆமா, காலையிலேருந்து எதுக்குடி இந்தப் பாடு? யாரு கூடப் பேசப் போற?"

"யாரு கூடயும் இல்ல. அண்ணன் வாங்குது. டெஸ்ட் பண்றோம்."

"ஜெயா, யாருடி போன்ல?" சமையலறையிலிருந்து தங்கம்மா.

"மீனாதாம்மா."

"மீனாவா? ஸ்பீக்கர்ல போடு, அவ அம்மாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேக்கணும்."

ஹெட்போன் சோதனையின் நடுவில் ஸ்பீக்கரில் போட்டு, மீனா அம்மாவின் காய்ச்சலை விசாரித்து, கஷாயத்துக்குப் பக்குவம் சொல்லி முடித்த பிறகுதான் நீலத்துக்கு முறை வந்தது.

அப்போது மழை இன்னும் வலுத்திருந்தது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. யோகராஜ் சிவப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, காது அடைத்திருக்கும் தைரியத்தில் உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தான்.

"ஜெயா, எங்க இருக்க?" என்றாள் மீனா. "வீட்டுல இல்லியா? ஒரு சத்தமும் இல்ல. உன் குரல் மட்டும் பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு."

ஜெயராணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. நீலம்தான். இத்தனை சத்தமுள்ள வீட்டை அது அந்தப் பக்கத்துக்கு இல்லாமலே ஆக்கிவிட்டது. நாலு மணிக்கு இதை மாட்டிக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றால் போதும்.

"நீலத்தை எடுத்துக்கலாம் அண்ணே" என்றாள்.

"பெட்டியில என்ன போட்டிருக்கு பாரு" என்று யோகராஜ் வாசித்தான். "ஒரே நேரத்துல ரெண்டு போன்ல ஒட்டிக்குமாம். சலோ, என் போன்லயும் போட்டுப் பாக்கிறேன்."

போட்டான். அது இரண்டு போனிலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை யாரும் பிரிக்கவில்லை. இந்த இடத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் ஒருவர்கூட வைத்துக்கொள்ளவில்லை.

முருகையா அதுவரை ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க குடு, என்னதான் அதுல இருக்குன்னு பாப்போம்" என்று கை நீட்டினார்.

யோகராஜ் தன் போனில் அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, நீலத்தை அவர் தலையில் மாட்டிவிட்டான்.

ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. முருகையாவின் கண் மெல்லக் கலங்கியது.

"ரொம்ப நல்லா இருக்கு, மிச்சம் நல்லா இருக்கு" என்றார். காது மூடியிருந்ததால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "வயலினுக்குப் பின்னால ஒருத்தன் மெதுவா மிருதங்கம் தட்டுறான். இத்தனை வருசமா இந்தப் பாட்டைக் கேக்கிறேன், இவன் இருக்கிறதே எனக்குத் தெரியாது."

அதோடு நீலம் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவர் அதைக் கழற்றவில்லை. ரசம் வேண்டுமா என்று தங்கம்மா மூன்று தடவை கேட்டுவிட்டுக் கடுப்பில் ஊற்றாமலே போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஜெயராணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு பக்கத்துக் காதைத் தூக்கி, "அப்பா, கொஞ்ச நேரம் எனக்குக் குடுங்கப்பா" என்றாள்.

"என்னத்துக்கு?"

"பாட்டுக் கேக்கத்தான்."

"பாட்டுத்தானே? அந்தா கறுப்பு கிடக்கு, அதுல கேளு. நாளைக்கு இதைத் திருப்பிக் குடுத்திட்டா என்னால மறுபடி கேக்க ஏலாது." காதை மறுபடி மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "மாப்பிள்ளை கூப்பிடறாரா? ஸ்பீக்கர்ல போடு." அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கறுப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

*

நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் தகரச் சரிவுக்குக் கீழே நின்றாள். காதில் கறுப்பு. போனின் மேல் மூலையில் ஹெட்போன் படம் தெரிந்தது. கறுப்புத்தான் சேர்ந்துவிட்டது என்று நம்பினாள். போனுக்கு என்ன கறுப்பும் நீலமும்? காலையில் பழகிய நீலத்தைத்தான் அது இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. பாலகுமார். பச்சையைத் தொட்டாள்.

"ஹலோ" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. "ஹலோ, நான்தான். கேக்குதா?"

கேட்கவில்லை. திரையில் நொடிகள் ஓடின. அழைப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் கறுப்பைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பத் திரும்ப ஹலோ சொன்னாள்.

முன்னறையில் முருகையாவின் பாட்டு நின்றுபோயிருந்தது. அவர் காதுக்குள் ஒரு ஆண்குரல் பேசியது.

"ஜெயராணி, நான் பாலகுமார். நீங்க மட்டும்தானே இருக்கீங்க? ஒரு சத்தமும் இல்ல, நல்லது. இருங்க, நீங்க இப்ப ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்லிடறேன், இல்லன்னா எனக்குத் தைரியம் போயிடும்."

முருகையாவுக்கு முதலில் ரேடியோ என்றுதான் தோன்றியது. பெயர் கேட்ட பிறகுதான் உறைத்தது. வாயைத் திறந்தார். அதற்குள் குரல் தொடர்ந்தது.

"எனக்கு இஷ்டம்தான். அம்மா சொல்லி இல்ல, எனக்கே. போட்டோ பாத்த அன்னைக்கே. ஆனா புதன்கிழமை நீங்க சொன்ன சரி யாருக்குச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியல. அத்தனை பேர் நடுவுல நானா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப பையைத் தூக்கிட்டு ஜெட்டியில நிக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல கப்பல். நீங்க வாங்கன்னு சொன்னா ஏறிடுவேன். இஷ்டம் இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேணாம், போனை வச்சிடுங்க. லீவு கெடைக்கலன்னு எங்க வீட்டுல சொல்லிக்கிறேன். உங்க மேல ஒரு பேச்சு வராது."

இத்தனை முக்கியமான சேதி. அதுவும் ஒரே ஒரு ஆளின் காதுக்கு. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் முருகையாவின் கையை இழுத்தது. எல்லாரும் கேட்க வேண்டும், ஸ்பீக்கரில் போட வேண்டும். விரல் ஹெட்போனைத் தடவியது. பெரிதாக ஒரு பட்டன் தட்டுப்பட்டது. அழுத்தினார்.

குரல் நின்றது. வயலினும் மிருதங்கமும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தன.

*

ஜெயராணி ஓடி வந்தபோது நீலம் அப்பாவின் தலையில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நடந்தது பாதி புரிந்துவிட்டது.

"அப்பா, போன் உங்களுக்கு வந்துச்சா?"

அவர் ஹெட்போனைக் கழற்றினார். தங்கம்மா கரண்டியோடு வந்துவிட்டார். யோகராஜும் வந்துவிட்டான்.

"என்ன போன்? யாரு? என்னங்க ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றார் தங்கம்மா.

முருகையா சொல்ல வாயெடுத்தார். மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் இருந்தது என்னவென்று இருபத்தாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அடுப்படிக்குப் போங்க" என்றார்.

"அரே, என்னப்பா இது? நீங்கதானே ஒரு காதுக்குச் சேதி வரக்கூடாதுன்னு..."

"போடான்னா போ."

வீடே அசந்துபோயிற்று. கரண்டி நகர்ந்தது, யோகராஜும் நகர்ந்தான். இருவரும் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

முருகையா தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். சேதியைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது அவருக்கு ஆகாது. "அவருக்கு இஷ்டந்தானாம். அம்மா சொல்லி இல்லயாம். போட்டோ பாத்த அன்னைக்கேயாம்." பெற்ற மகளிடம் ஒரு அப்பா சொல்லக்கூடிய வார்த்தைகளா அவை? காது மடல் சிவக்கச் சொன்னார். கப்பலைச் சொன்னார். இஷ்டமில்லை என்றால் போனை வைத்துவிடச் சொன்னதையும் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல பாப்பா. ஸ்பீக்கர்ல போடலாம்னு ஒரு பட்டனை அமுக்கினேன்."

ஜெயராணி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை. அவள் கேட்க நினைத்த கேள்விக்கு அவன் கேட்காமலே பதில் சொல்லிவிட்டான். அவன் கேட்டதற்கு அவள் சொல்லாமலே பதில் போய்விட்டது.

"ஒரு வார்த்தைப்பா" என்றாள். குரல் உடைந்தது. "எல்லாமே இந்த வீட்டுல எல்லாருக்கும். எனக்குன்னு ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு. அதையும் விடல நீங்க."

முருகையா நீலத்தை அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதை மாட்டிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று இந்தியில் ஒரு பெண் சொன்னாள். எஸ்.எம்.எஸ். அனுப்பினாள். அது போய்ச் சேரவில்லை. ஜெட்டியை விட்டு நடக்க ஆரம்பித்திருப்பான். குவார்ட்டர்ஸில் டவர் கிடையாது. இந்தக் கப்பலை விட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு கப்பல் கிடையாது.

அப்போதுதான் முருகையா எழுந்தார். தன் பட்டன் போனை எடுத்தார். அதற்கு எந்த ஹெட்போனையும் தெரியாது, அந்த மட்டில் நிம்மதி. கட்சால் ஜெட்டியில் சாமான் கடை வைத்திருக்கும் ஜெகநாதனைக் கூப்பிட்டார். தோட்டத்தில் கூடப் பால் வெட்டியவன்.

"ஜெகா, நான் முருகையா. முதல்ல ஸ்பீக்கரை நிப்பாட்டு."

இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் கரண்டி கீழே விழுந்தது.

"ஏலாதுண்ணே" என்றான் ஜெகநாதன். "போன் கடல் தண்ணியில விழுந்ததிலேருந்து காதுல வச்சா ஒண்ணும் கேக்காது. ஸ்பீக்கர் மட்டுந்தான் ஓடுது. சொல்லுங்க, கப்பலுக்கு நிக்கிற ஆளுங்கதான் இருக்காங்க, வேற யாரும் இல்ல."

வேறு யாரும் இல்லையாம். கப்பலுக்கு நிற்பவர்கள் என்றால் பாதித் தீவு.

"பவர்ஹவுஸ் பாலகுமார் அங்க இருக்காரா?"

"இப்பத்தான் பையைத் தூக்கிட்டுத் திரும்பிப் போனாரு. லீவு இல்லன்னாரு. அந்தா மேட்டுல ஏறிட்டிருக்காரு. என்னண்ணே சேதி? கத்திச் சொல்லிருவேன்."

முருகையா மகளைப் பார்த்தார். சொல்லிவிட அவருக்கு ஒரு நொடி போதும். நாலு மணி வரை இருந்த முருகையா சொல்லியிருப்பார். அவர் போனை அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு" என்றார். "வேணும்னாலும் சரி, வேணாம்னாலும் சரி. அங்கன எல்லாரும் கேப்பாங்க, அதுக்கு என்னால ஒண்ணும் செய்ய ஏலாது. இங்கன யாரும் கேக்க மாட்டோம்."

கதவைத் திறந்தார். ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இருவரும் உள்ளே சரிந்தார்கள். ஜெயராணியின் போனில் பாட்டைப் போடச் சொல்லிச் சிவப்பைத் தங்கம்மாவின் தலையில் மாட்டினார். தங்கம்மா பயந்துபோய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். யோகராஜின் போனில் தன் பழைய பாட்டைப் பெரிதாக வைத்து நீலத்தைத் தான் மாட்டிக்கொண்டார். யோகராஜுக்குக் கறுப்பு. அவனுக்குப் போனும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் காதை நசுக்குவதில் கறுப்புக்கு ஈடில்லை என்று காலையிலேயே முடிவாகியிருந்தது. மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

ஜெயராணி போனைக் காதில் வைத்தாள். இந்த வீட்டில் ஒரு போனைக் காதில் வைப்பது இதுதான் அவளுக்கு முதல் தடவை.

"சித்தப்பா, நான் ஜெயராணி" என்றாள். அந்தப் பக்கம் மழையும் கூட்டமும் கேட்டன. வெட்கம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. "அவரை ஏறச் சொல்லுங்க. போனை நான் வைக்கலன்னு சொல்லுங்க. இதை நான் சொல்றேன்னு சொல்லுங்க, எங்க அப்பா இல்ல, நான்."

"ஏய், பவர்ஹவுஸ்" என்று ஜெகநாதன் கத்துவது கேட்டது. "பொண்ணு உன்னை ஏறச் சொல்லுது. அவளேதான் சொல்லுறா." அவனுக்குப் பின்னால் இன்னொருவர் அதையே இந்தியில் கத்தினார். அதற்கும் அப்பால் வேறு யாரோ கத்தினார்கள். சேதி ஆளுக்கு ஆள் கைமாறி மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் கப்பலின் சங்கு ஊதியது.

"சித்தப்பா, கேட்டுச்சா அவருக்கு? திரும்பினாரா?"

லைன் அறுந்துவிட்டது.

மறுபடி போட்டாள். எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதேதான்.

அவன் திரும்பினானா, ஏறினானா, சங்குச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாமல் நேரே நடந்துவிட்டானா? கப்பல் ஹேடோவுக்கு வந்து சேரும் வரை தெரிய வழியில்லை. புதன்கிழமை சொன்ன அதே சம்மதம்தான். அன்றைக்கும் ஸ்பீக்கர்தான், இன்றைக்கும் ஸ்பீக்கர்தான். ஆனால் இது அவளுடையது. அந்தச் சந்தோஷம் பயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"என்ன பாப்பா ஆச்சு?" முருகையா சுவரைப் பார்த்தபடியே தெரு அதிரக் கேட்டார். "ஏறிட்டாரா?"

"தெரியலப்பா" என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். ஜெயராணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த நீலத்தை அவர் காதிலிருந்து கழற்ற அவளுக்கு அவசரம் இல்லை.